வந்து வந்து போகும் இன்ஜின் லைட்: பழைய காரில் கோளாறைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி

ரோட்டில் ஓடும்போது எரியும். ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்தியதும் அணைந்திருக்கும். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டுவார், ஆக்ஸிஜன் சென்சார் என்று ஏதோ ஒன்று வரும், அதை மாற்றிவிட்டுக் கோடை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணை, அழிப்பார். பத்து நாளில் மறுபடியும் அதே மஞ்சள் லைட். இப்படி விட்டுவிட்டு எரியும் லைட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் செத்துப்போன சென்சார் இருப்பதில்லை. தளர்ந்த கப்ளர், துருவேறிய எர்த், உரசிப்போன வயர், வெடித்த ரப்பர் ஹோஸ், இவைதான் இருக்கும். சென்சார் முழுதாகச் செத்தால் லைட் ஒரேயடியாக எரிந்துகொண்டே இருக்கும். அணைந்து அணைந்து எரிகிறதென்றால் எங்கோ ஒன்று தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் கார்களுக்கு, முக்கியமாக 2000க்கும் 2015க்கும் இடைப்பட்ட வண்டிகளுக்கு.

லைட் எந்தக் கணக்கில் எரிகிறது

ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து பதியும்) முறையில் பல கோளாறுகளுக்கு ஈசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) உடனே லைட்டைப் போடாது. முதல் ஓட்டத்தில் பார்த்ததை ‘பெண்டிங்’ என்று குறித்துக்கொள்ளும்; அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு வந்தால்தான் லைட் எரியும். பிறகு தொடர்ந்து மூன்று ஓட்டம் கோளாறு இல்லாமல் போனால் லைட்டைத் தானே அணைத்துவிடும். கோடு மட்டும் நினைவில் நிற்கும், ஏறக்குறைய 40 முறை இன்ஜின் குளிர்ந்து சூடாகும் வரை. ஆகவே லைட் அணைந்துவிட்டது என்பதற்காகக் கோளாறு சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தடயம் உள்ளேதான் இருக்கிறது.

இதற்கு முந்தைய முறையில் வந்த பல வண்டிகளில் கணக்கு வேறு. கோளாறு இருக்கும் நொடியில் எரியும், போன நொடியில் அணையும். இந்தியாவில் 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதியுடன் ஓபிடியின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. உங்கள் வண்டி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் லைட்டின் பேச்சு புரியும். 2006 வண்டியில் ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது லைட் மின்னி மறைந்தால் அந்த நொடியிலேயே ஒரு வயர் விலகிச் சேர்ந்திருக்கிறது. 2014 வண்டியில் இன்று காலை லைட் எரிந்தால் அந்தக் கோளாறு நேற்றைய ஓட்டத்திலேயே ஆரம்பித்திருக்கலாம்.

லைட் நிலையாக எரியாமல் கண் சிமிட்டினால் அது வேறு சேதி. இன்ஜின் பலமாக மிஸ் ஆகிறது, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அப்போது ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, ஏசியை அணைத்து, மெதுவாகப் பக்கத்து இடத்துக்கு ஓட்டிப்போங்கள். அப்படியே நெடுஞ்சாலையில் விரட்டினால் பிளக் செலவில் முடிய வேண்டியது கன்வெர்ட்டர் செலவில் போய் நிற்கும்.

இன்னொன்று: சாவியை ஆன் செய்ததும் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியென்றால் யாராவது கழற்றியும் வைத்திருக்கலாம்.

முதலில் ஒரு நோட்டு

ஸ்கேனர் வாங்குவதற்கு முன்பே டேஷ்போர்டில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். லைட் எரிந்த ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியவை: ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம், டெம்பரேச்சர் முள் எங்கே, ஓடிக்கொண்டிருந்ததா ஐடிலில் நின்றதா, ஏசி ஆன் ஆகியிருந்ததா, மழையா, வாட்டர் வாஷ் செய்து எத்தனை நாள், கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டது, பள்ளத்தில் இறங்கியதா. கேஸ் கிட் இருந்தால் அந்த நேரம் பெட்ரோலில் ஓடியதா கேஸில் ஓடியதா என்பதும் வேண்டும்; ட்யூனிங் சரியில்லாத எல்பிஜி கிட் கலவையைக் கெடுத்து, பெட்ரோல் பக்கம் ஒரு குறையும் இல்லாத வண்டியில் கோடைக் கிளப்பிவிடும்.

நான்கைந்து முறை எழுதியதும் ஒரு சாயல் தெரியும். மழையிலும் வாஷுக்குப் பிறகும் மட்டும் வந்தால் இக்னிஷன் பக்கம்: ஹெச்டி வயர் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொண்டுபோவது), காயில் (அந்த வோல்டேஜை உண்டாக்குவது), பிளக் கிணற்றில் தண்ணீர். அரை மணி ஓடிச் சூடான பிறகு வந்தால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்வது), காயில், அல்லது சைலன்சர் பக்கம் போகும் வயர். டேங்க் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டு லைட்டும் வந்தால் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறதா பாருங்கள்; டேங்க் ஆவி நேராக இன்ஜினுக்குள் போகிறது. பள்ளம் மேட்டில் மட்டும் என்றால் வயரிங். கிளட்ச் வேலை முடித்து வந்த வாரத்தில் தொடங்கியது என்றால் கியர்பாக்ஸ் மேல் இருக்கும் எர்த் போல்ட்டை முதலில் பாருங்கள். கழற்றிய வயரைத் திரும்ப ஒழுங்காக முடுக்காமல் விடுவது சகஜம்.

கோடு எடுப்பது

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும், தடயமும் சேர்ந்தே போகும். கோடை எழுதி வைக்கும் வரை பேட்டரியில் கை வைக்காதீர்கள்.

கோடைப் படித்து போனுக்கு அனுப்பும் ப்ளூடூத் இஎல்எம்327 அடாப்டர் ஒன்றும் போனில் ஒரு ஆப்பும் போதும். வாங்கும்போது ஒரு கவனம்: ‘2.1’ என்று போட்ட மலிவு நகல்கள் பல, கே-லைன் என்ற பழைய ஒற்றை வயர் தொடர்பு உள்ள வண்டிகளோடு பேசுவதில்லை. ‘1.5’ என்று வருபவை பெரும்பாலும் தேவலாம். 16 பின் சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். அதில் 16ஆவது பின் பேட்டரி பாசிட்டிவ், 4ம் 5ம் எர்த். அடாப்டரின் விளக்கே எரியவில்லை என்றால் அந்தச் சாக்கெட்டுக்கான ப்யூஸ் போயிருக்கும். விளக்கு எரிந்து, இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை என்றால் ஆப்பில் ‘ஆட்டோ’வை விட்டு கேடபிள்யூபி (கே-லைன் வண்டிகள் பேசும்) முறையைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

2010க்கு முந்தைய சில வண்டிகள் பொது ஸ்கேனருக்குப் பதிலே சொல்லாது. அந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். பழைய சுசுகி இன்ஜின்களில் டயக்னாஸ்டிக் கப்ளரில் குறிப்பிட்ட பின்னை எர்த் செய்து சாவியைப் போட்டால் இன்ஜின் லைட்டே கண் சிமிட்டிக் கோடு சொல்லும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. கோளாறு பதிவாகவில்லை என்று பொருள். எந்தப் பின் என்பதை உங்கள் மாடலின் வயரிங் படத்தில் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். தவறான இரண்டு பின்னைச் சேர்த்தால் ஈசிஎம்மே போய்விடும்.

ஸ்கேனர் கிடைத்தால் மூன்றையும் எழுதுங்கள்: ஸ்டோர்டு கோடு, பெண்டிங் கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம். மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. கோடு பதிவான நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் என்ன, கூலன்ட் சூடு எவ்வளவு என்பதை ஈசிஎம் படம் பிடித்தது போல வைத்திருக்கும். உங்கள் நோட்டில் எழுதியதோடு இதை ஒப்பிடுங்கள்.

கோடு பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. ‘இந்தச் சர்க்கியூட்டில் கணக்கு ஒத்துவரவில்லை’ என்று மட்டும் சொல்கிறது. பி0118 ஒரு நல்ல எடுத்துக்காட்டு: கூலன்ட் சென்சார் சர்க்கியூட்டில் வோல்டேஜ் அதிகம். ஃப்ரீஸ் ஃப்ரேமில் கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரி என்று இருக்கும். மதுரை வெயிலில் மைனஸ் 40 ஏது? வயர் திறந்துகிடக்கிறது என்பதன் கணக்கு அது. இதைப் பத்தே நிமிடத்தில் பிரித்துவிடலாம். சாவியை ஆன் செய்து, ஸ்கேனரில் கூலன்ட் சூட்டைத் திறந்துவைத்து, சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். மைனஸ் 40க்கு வர வேண்டும். (பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கும், விரலைத் தள்ளி வையுங்கள்.) இப்போது கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் சேருங்கள். அளவு உச்சத்துக்கு, 120க்கு மேல் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் ஈசிஎம்மும் வயரும் சரி. கோளாறு சென்சாரில் அல்லது கப்ளரின் பின் பிடிமானத்தில். வயரைச் சேர்த்தும் மைனஸ் 40லேயே நின்றால் வழியில் வயர் அறுந்திருக்கிறது, புதுச் சென்சார் வாங்குவது வீண். சென்சாரைத் தனியே அளந்தால் 20 டிகிரியில் ஏறக்குறைய 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு காட்டும்.

ஒரே சமயத்தில் சம்பந்தமில்லாத மூன்று நான்கு கோடு வந்தால் மூன்று நான்கு சென்சாரும் ஒன்றாகச் சாகவில்லை. அவை பகிர்ந்துகொள்ளும் 5 வோல்ட் வயரோ சென்சார் எர்த்தோ விலகியிருக்கிறது. எம்ஏபி (இன்டேக் காற்றழுத்தம் அளப்பது), த்ராட்டில் சென்சார்களுக்குப் பெரும்பாலும் ஒரே 5 வோல்ட்தான் போகிறது. ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மற்றதையும் இழுத்துக் கீழே தள்ளும். மீட்டரை அந்த 5 வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு சென்சார் கப்ளராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள்.

லைட் வந்தது உண்மை, ஆனால் ஒரு கோடும் இல்லை? அப்போது வேறு இரண்டு இடம். ஈசிஎம்முக்குப் போகும் மெயின் ரிலே அல்லது எர்த் ஒரு நொடி விட்டுப் பிடித்தால் நினைவு அழிந்துபோகலாம். இல்லையென்றால் பழைய வண்டிகளில் அந்த லைட்டை எரியவைக்க ஈசிஎம் அதன் வயரை எர்த் செய்கிறது; அதே வயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் பாடியில் உரசினாலும் லைட் எரியும். இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பேட்டரியும் எர்த்தும்

சென்சார் பக்கம் போகுமுன் இதை முடித்துவிட வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 8 வோல்ட்டுக்கு விழும் பேட்டரி, ஈசிஎம்மைக் குழப்பி அன்றன்றைக்கு ஒரு கோடை எழுத வைக்கும்.

எர்த்தை ஓம் அளந்து பார்த்து ஏமாறாதீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் ஓம் மீட்டரில் பூஜ்யமே காட்டும். கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு தொலைகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் தூண் மேலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் அல்ல. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில் அழுத்துங்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்: 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு இன்ஜின் ஓட, ஹெட்லைட்டும் ஏசி ப்ளோயரும் முழுதாக ஓட, அதே அளவு 0.1 வோல்ட்டுக்குள் வர வேண்டும். சிவப்பு முனையை பாடியில் வைத்து ஒருமுறை, ஈசிஎம்மின் எர்த் வயர் போல்ட் ஆகும் இடத்தில் வைத்து ஒருமுறை. கூடுதலாக வந்தால் அந்தப் போல்ட்டைக் கழற்றி, கீழே பெயின்டும் துருவும் போகத் தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள்.

ஆட்டிப் பார்ப்பது

இன்ஜின் ஐடிலில் ஓட வேண்டும். ஸ்கேனரில் சந்தேகப்படும் சென்சாரின் அளவு கிராஃபாக ஓட வேண்டும். ஸ்கேனர் மெதுவானது என்றால் மீட்டரின் மின்-மேக்ஸ் வசதி (மிகக் குறைந்த, மிக அதிக அளவைப் பிடித்து வைப்பது) உதவும். ஒரு கையால் சென்சார் கப்ளரை மெதுவாக ஆட்டுங்கள், பிடுங்குவது போல அல்ல. பிறகு வயர் கட்டைப் பிடித்து கப்ளரிலிருந்து நான்கு விரல் தூரத்துக்கு ஒரு முறை வளைத்துக்கொண்டே போங்கள். கிராஃப் எங்கே குதிக்கிறதோ, இன்ஜின் எங்கே தடுமாறுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

அதிகம் அகப்படும் இடங்கள்: கப்ளருக்கு உள்ளே செல்லும் முதல் சில சென்டிமீட்டர், இன்ஜினிலிருந்து பாடிக்கு வயர் தாண்டும் இடம் (இன்ஜின் ஆடும், பாடி ஆடாது), பேட்டரி தட்டுக்கு அடியில் ஆசிட் சொட்டும் பகுதி, சைலன்சர் மேனிஃபோல்டுக்கு அருகே ஆக்ஸிஜன் சென்சார் வயர், ஃபயர்வால் ரப்பர் துளை. எலியும் இருக்கிறது. சில நாள் நிறுத்தி வைத்த வண்டியில் இன்ஜின் மேல் வைக்கோலோ எலிப் புழுக்கையோ கண்ணில் பட்டால் வயர் கட்டின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேலே முழுதாகத் தெரியும், கீழே பாதி கடித்திருக்கும்.

கப்ளரைக் கழற்றினால் பச்சை பூத்திருக்கிறதா, பின் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாத கோளாறு ஒன்று உண்டு: பெண் பின் விரிந்துபோய் பிடிமானம் இல்லாமல் இருப்பது. அதே அளவு ஆண் பின் ஒன்றைத் தனியாக எடுத்து ஒவ்வொரு துளையிலும் செருகி இழுங்கள். லேசாகப் பிடித்து வர வேண்டும். ஏதாவது ஒன்று தொளதொளவென்று வந்தால் அந்தப் பின்னை மாற்றுங்கள். சுத்தம் செய்ய எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் மட்டும். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறும். வோல்டேஜ் பார்க்க வயரின் மேல்தோலைக் குத்தாதீர்கள். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை வயரை ஒட்டிச் செருகினால் போதும்.

சூடும் தண்ணீரும்

சூட்டில் மட்டும் வரும் கோளாறுக்கு ஹேர் டிரையர். காயிலையோ கிராங்க் சென்சாரையோ ஐந்து நிமிடம் சூடாக்கி, கோளாறு வருகிறதா பாருங்கள். கிராங்க் சென்சாரின் நடத்தை தனி: சூடான பிறகு ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடும், செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது, இருபது முப்பது நிமிடம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். கோடு பி0335 வரலாம், வராமலும் போகலாம். நின்ற நேரத்தில் செல்ஃப் அடித்து டேக்கோமீட்டர் முள்ளைப் பாருங்கள். துளியும் அசையவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. அங்கேயே அந்தச் சென்சார் மேல் குளிர்ந்த நீரை ஊற்றி ஸ்டார்ட் ஆனால் வேறு ஆதாரம் வேண்டாம். இரண்டு வயர் சென்சாரை ஓம் அளந்து பார்க்கலாம், குளிரிலும் சூட்டிலும். மூன்று வயர் ஹால் சென்சாரை (உள்ளே மின்னணுச் சில்லு உள்ளது) ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது.

ஈரத்தில் வரும் மிஸ்ஸிங்குக்கு, இரவில் இருட்டான இடத்தில் பானெட்டைத் திறந்து, ஐடிலில் ஓடும்போது ஹெச்டி வயர், காயில் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் பனி போலத் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். அப்போது எதையும் கையால் தொடக் கூடாது. பல ஆயிரம் வோல்ட். பிளக் ஒவ்வொன்றுக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் இன்னும் எளிது: பி0302 (இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்) வந்தால் இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். அடுத்த கோடு பி0303 என்று வந்தால் காயில்தான். பி0302லேயே நின்றால் பிளக்கை அதே போல் இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன்.

பி0171 வந்தால்

இன்ஜினுக்குக் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. ஸ்கேனரில் ஷார்ட், லாங் ஃப்யூல் ட்ரிம் (ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) இரண்டையும் கூட்டுங்கள். ஆரோக்கியமான இன்ஜினில் மொத்தம் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருக்கும். ஐடிலில் கூட்டல் 20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் 5க்கு இறங்கினால் வேக்கம் கசிவு: பிசிவி ஹோஸ் (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோவது), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட். ஒவ்வொரு ஹோஸாக மூக்குக் குறடால் துணி சுற்றி அழுத்திப் பாருங்கள், ட்ரிம் இறங்கும் ஹோஸ்தான் வெடித்தது. சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கசிவு தேடுவது தீயோடு விளையாட்டு. மாறாக ஐடிலில் சரியாக இருந்து மேடேறும்போது ட்ரிம் ஏறினால் ஃபில்டர் அடைப்பு அல்லது சோர்ந்த ஃப்யூல் பம்ப். பிரஷர் கேஜ் வைத்து அளக்க வேண்டும்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பு மாறியிருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 14.1 கிலோ காற்று. 20 சதவீதக் கலப்புக்குச் சுமார் 13.5. ஈசிஎம் நான்கு சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே ஒரு சிறு கசிவோடு எல்லைக்கோட்டில் ஓடிய பழைய வண்டியை இந்த நான்கு சதவீதமே எல்லையைத் தாண்ட வைக்கும். எத்தனாலைக் குற்றம் சொல்லிவிட்டு வெடித்த ஹோஸை விட்டுவிட வேண்டாம்.

பி0420 (கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு) வந்தால் கன்வெர்ட்டருக்கு ஆர்டர் கொடுக்குமுன் சைலன்சர் ஜாயின்ட் கசிகிறதா, மிஸ்ஸிங் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

சரிசெய்த பிறகு

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை உருகிவிடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள், ஆடும் இடத்திலிருந்து விலக்கிக் கட்டுங்கள். சென்சார் வாங்கினால் ஒரிஜினல் அல்லது அதைச் செய்து கொடுக்கும் கம்பெனியுடையது. டூப்ளிகேட் கிராங்க் சென்சாரும் ஆக்ஸிஜன் சென்சாரும் புதுக் கோளாறைப் பழைய கோடின் பெயரில் கொண்டுவரும். ஒரு நேரத்தில் ஒரே வேலை: இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

பிறகு கோடை அழியுங்கள். அழித்ததும் ஃப்யூல் ட்ரிம் பாடமும் அழியும், ஐடில் ஓரிரு நாள் சற்றுக் கரகரக்கலாம். நோட்டில் எழுதிய அதே சூழலில் ஓட்டுங்கள்: மழையில் வந்ததை மழையில், அரை மணி சூட்டில் வந்ததை அரை மணி சூட்டில். ஒவ்வொரு நாளும் பெண்டிங் கோடு பாருங்கள். லைட் எரிவதற்கு ஒரு ஓட்டம் முன்பே அங்கே தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்து அகப்படவில்லை என்றால் ஆசிலோஸ்கோப் (வோல்டேஜ் அலையைத் திரையில் காட்டும் கருவி) வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் நோட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் கொடுங்கள். ஈசிஎம்முக்கு உள்ளே சால்டர் வெடிப்பு இருக்கலாம். பெட்டியை மெதுவாகத் தட்டியும் டிரையரால் சூடாக்கியும் அவர் பார்ப்பார். பழைய ஈசிஎம் ஒன்றை ஸ்கிராப் கடையில் வாங்கி மாட்டும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் வண்டியில் இம்மொபிலைசர் (பதிவான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் சாவியோடு சேர்த்துப் புரோகிராம் செய்யும் வரை அந்த ஈசிஎம்மால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.